பல் வைத்த கத்தி

அம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியபோது சமையலறையில் அவர் முதலில் கைவிட்டது தக்காளியைத்தான். உருளைக்கிழங்கை வெட்டினார். வெங்காயத்தை, நேரம் பிடித்தாலும், அவரே உரித்து நறுக்கினார். தக்காளி மட்டும் என் பங்குக்கு வந்து சேர்ந்தது. எனக்குக் காரணம் விளங்கவில்லை. கிழங்கை வெட்ட முடிகிற கைக்கு இத்தனை மெத்தென்ற பழம் எப்படிக் கஷ்டமாகும்? கேட்டேன். "கிழங்கு, அழுத்தினா வெட்டுப்படும்பா. இது அழுத்தினா நசுங்குது, அழுத்தலேன்னா வழுக்குது" என்றார்.

மெத்தென்ற பழங்களை வெட்டுவதில் இருக்கிற சிக்கல் முழுவதும் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிடுகிறது. அன்று அது எனக்குத் தெரியவில்லை. கத்தி மழுங்கியிருக்கும், தீட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

கத்தி தீட்டுவது எனக்குப் பல வருடப் பழக்கம். கல்லை நனைத்து, அலகைச் சாய்த்துப் பிடித்து, ஒரே கோணத்தில் போய்வந்துகொண்டிருக்கும் அந்த அரை மணி நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1000 கிரிட் கல்லில் தொடங்கி, 3000 தாண்டி, 8000-இல் முடிப்பேன். கிரிட் எண் ஏற ஏறக் கல் நுண்மையாகும். விளிம்பு கண்ணாடி மாதிரி மின்னும். பல் வைத்த கத்திகளை நான் வீட்டுக்குள் சேர்த்ததே இல்லை. தீட்டத் தெரியாதவர்களுக்காகச் செய்த கத்தி, ரொட்டிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஆக, இருப்பதிலேயே நல்ல கத்தியை இரண்டு முறை தீட்டி அம்மாவிடம் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் தக்காளிக்குள் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. பத்தாம் நாள் தோலின் மேல் ஏறி வழுக்கி, அம்மாவின் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டைச் சீவிவிட்டது. ஆழமான வெட்டு இல்லை. ஆனாலும் அந்தக் கத்தியை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

அதன் பிறகுதான் தக்காளியை உண்மையிலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

தக்காளிப் பழத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். அவ்வளவு தண்ணீரையும் பிடித்து வைத்திருப்பது வெளியே இருக்கும் மெல்லிய தோல். தோலின் மேற்புறத்தில் கியூட்டின் என்ற பொருளும் மெழுகும் சேர்ந்த பூச்சு இருக்கிறது. இலைகளில் இருப்பது போன்ற சுவாசத் துளைகள் தக்காளித் தோலில் கிடையாது. காற்றும் ஈரமும் பெரும்பாலும் காம்பு இருந்த வடு வழியாகவே போய்வருகின்றன. வழவழப்பு, இழுத்தால் சட்டென்று கிழியாத உறுதி, மெழுகின் வழுக்கல் என்று கத்திக்கு ஆகாதவை மூன்றும் அந்தத் தோலில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. பழத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தால் தோல் இருப்பதே அதற்காகத்தான்.

உள்ளே நடப்பது இதற்கு நேர் எதிர். பழம் கனியக் கனிய, செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை நொதிகள் கரைக்கத் தொடங்குகின்றன. சதை தளர்கிறது. விதையைச் சுற்றியிருக்கும் கூழ் ஏறக்குறைய நீராகவே ஆகிவிடுகிறது. இந்தத் தளர்ச்சியை நிறுத்திவிட முடியும் என்று நம்பி, பாலிகேலக்டுரோனேஸ் என்ற நொதியை அடக்கும்படி ஒரு தக்காளியின் மரபணுவை மாற்றினார்கள். ஃபிளேவர் சேவர் என்ற பெயரில் 1994-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது அது. மரபணு மாற்றப்பட்டு, சாப்பிடுவதற்கென்று கடைக்கு வந்த முதல் பழம் அதுதான். சில வருடங்களிலேயே சந்தையை விட்டுப் போய்விட்டது. பழம் குழைவதற்கு அந்த ஒரு நொதி மட்டும் காரணமில்லை, வேறு சிலவும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: பழம் எவ்வளவு சுவையாகக் கனிகிறதோ, தோலின் உறுதிக்கும் சதையின் உறுதிக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரிதாகிறது. தோல் கிழிவதற்கு ஓர் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் சக்தி சதைக்கு இல்லை. கத்தி தோலுக்குள் புகும் முன்பே சதை உள்ளுக்குள் சிதைந்து, சாறு வெளியேறத் தயாராக நிற்கிறது.

அப்படியானால் தோலைக் கிழிக்க வேண்டும், கீழ்நோக்கி அழுத்தவும் கூடாது. இது எப்படி?

விடை தமிழிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்மிடம் வெட்டுவதற்கு எத்தனை வினைச்சொற்கள்! நறுக்குவது, அரிவது, அறுப்பது, சீவுவது, கீறுவது, வகிர்வது, கொத்துவது. ஒவ்வொன்றிலும் கையின் போக்கு வேறு. நறுக்கும்போது கை மேலிருந்து கீழே இறங்குகிறது. அறுக்கும்போது கை குறுக்கே போய்வருகிறது. மரத்தை ரம்பத்தால் அறுக்கிறோம், கதிரை அரிவாளால் அறுக்கிறோம். மரத்தை நறுக்குகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. தக்காளியை மட்டும் "நறுக்கு" என்று பழகிவிட்டோம். தக்காளியை அறுக்கத்தான் வேண்டும்.

குறுக்கே இழுத்தால் ஏன் எளிதாகிறது என்பதற்குத் தெளிவான கணக்கே உண்டு. டோனி ஆட்கின்ஸ் என்ற பொறியியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் செடார் சீஸையும் சலாமியையும் வெட்டிப் பார்த்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கத்தி குறுக்கே நகரும் வேகத்துக்கும் கீழே இறங்கும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். உராய்வை ஒதுக்கி வைத்துப் பார்த்தால், இரண்டு வேகமும் சமமாக இருக்கும்போது கீழ்நோக்கிய விசை பாதியாகக் குறைகிறது. குறுக்கு வேகம் இரண்டு மடங்கானால் விசை ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் பத்தில் ஒரு பங்கு. புதிய வெட்டுப்பரப்பை உண்டாக்க ஆகும் உழைப்பின் அளவு மாறவில்லை. அதில் பெரும்பங்கைக் குறுக்கு அசைவு ஏற்றுக்கொள்கிறது. தக்காளியை நசுக்குவது கீழ்விசை மட்டும்தானே. அதைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டால் பழம் தன் உருவத்திலேயே நிற்கிறது.

2012-இல் ஹார்வர்டில் எல். மகாதேவனும் அவருடைய குழுவினரும் இதையே இன்னும் மென்மையான பொருளில், ஜெல்லில், மெல்லிய கம்பியை வைத்துச் சோதித்தார்கள். வெறுமனே அழுத்தினால் கம்பி ஜெல்லை வெகுதூரம் அமுக்கிக்கொண்டே போய், அப்புறம்தான் பிளக்கிறது. அழுத்தத்தோடு சிறிது இழுப்பும் சேர்ந்தால் மிகக் குறைந்த விசையிலேயே பிளவு தொடங்கிவிடுகிறது. இதை நம் விரலும் அறியும். தாளின் ஓரத்தில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. அதே ஓரம் விரலின் மேல் சர்ரென்று இழுபட்டால் ரத்தம் வந்துவிடும். அதில்கூட, சுமார் 65 மைக்ரான் தடிமனுள்ள தாள்தான் அதிகம் வெட்டும் என்று டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்து 2024-இல் வெளியிட்டார்கள். அதைவிட மெல்லிய தாள் மடங்கிவிடுகிறது, அதைவிடத் தடித்த தாள் மழுங்கலாக அழுத்துகிறது.

சரி, குறுக்கே இழுப்பதுதான் வழி என்றால் சாதாரணக் கத்தியையும் குறுக்கே இழுக்கலாமே, பல் எதற்கு? இந்தக் கேள்வியில்தான் நான் வெகுநாள் நின்றுகொண்டிருந்தேன்.

பல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதல் வேலை தொடக்கத்தில். வழவழப்பான விளிம்பு தக்காளியின் உருண்டைத் தோலைத் தொடும்போது, அந்தத் தொடுகை ஒரு சிறிய கோடு. கையின் விசை அந்தக் கோடு முழுவதும் பரவுகிறது. பல் வைத்த விளிம்பு இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் தொடுகிறது. அதே விசை அந்தப் புள்ளிகளில் குவிவதால் தோலில் ஓட்டை விழுகிறது. ஒரு முறை ஓட்டை விழுந்துவிட்டால் போதும், கிழிசல் அங்கிருந்து தானாகப் பரவத் தொடங்கும். துணியை முதலில் பல்லால் கடித்துவிட்டுப் பிறகு கையால் கிழிப்போமே, அதே முறை.

இரண்டாவது வேலை நுட்பமானது. பல்லின் இரு சரிவுகளையும் பக்கத்திலிருந்து உற்றுப் பாருங்கள். அவை தோலைச் சமமாகச் சந்திப்பதில்லை, சாய்வாகச் சந்திக்கின்றன. நீங்கள் கத்தியை எப்படி நகர்த்தினாலும் ஏதாவது ஒரு சரிவு எப்போதும் பழத்துக்குக் குறுக்காகச் சறுக்கிக்கொண்டே இருக்கிறது. அறுக்கும் அசைவில் ஒரு பகுதியைக் கத்தியின் வடிவமே தந்துவிடுகிறது. அம்மாவைப் போல முழங்கையிலிருந்து நீளமாக இழுக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. கை செய்ய முடியாததை உலோகத்தின் வளைவு செய்கிறது.

தமிழில் இந்தப் பல் வரிசைக்கு ஓர் அழகான பெயர் இருக்கிறது: கருக்கு. அரிவாளின் பல்லும் கருக்கு, பனைமட்டையின் ஓரத்தில் கையைக் கிழிக்கும் முட்பற்களும் கருக்கு. செடிகள் இந்த வித்தையை நமக்கு வெகு முன்பே கண்டுபிடித்துவிட்டன. புல்லின் ஓரத்தில் விரலை ஒரு திசையில் ஓட்டினால் வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் ஓட்டினால் அரம் போலவும் இருக்கும். சிலிக்கா ஏறிய நுண்ணிய முட்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. விலங்குகளில் கொமோடோ டிராகன் என்ற பெரிய பல்லியின் பற்கள் உள்வளைந்து, விளிம்பில் கருக்கோடு இருக்கும். அந்தக் கருக்கின் மேலும் பல்லின் நுனியிலும் இரும்புச் சத்து செறிந்த ஆரஞ்சு நிறப் பூச்சு இருப்பதை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2024-இல் வெளியிட்டது. உடம்பில் மிக அதிகம் தேய்கிற இடத்துக்கு உடம்பே இரும்பு பூசிக்கொள்கிறது! மனிதர்களும் பின்தங்கிவிடவில்லை. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு, யோர்தான் ஆற்றுப் பகுதியில் வாழ்ந்த யார்முக்கியப் பண்பாட்டு மக்கள் சிக்கிமுக்கிக் கல்லில் ஆழமாகப் பல் வெட்டி அரிவாள் அலகுகள் செய்தார்கள். அந்த அலகுகளின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது என் சமையலறைக் கத்திகளைப் பற்றிய கர்வம் கொஞ்சம் இறங்கியது. கூர்மையைப் பற்றி எனக்கு முன்பே யோசித்தவர்கள் பல்லைத் தாழ்வாக நினைக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு சின்னக் கத்தி வாங்கினேன். அலகு 11 சென்டிமீட்டர், முனை உருண்டை, விளிம்பு முழுவதும் நெருக்கமான சிறிய அலைகள். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் தக்காளிக் கத்தி என்று பெயர் சொல்லியே விற்கும் வடிவம் இது. அதைப் போல வேறு பலரும் செய்கிறார்கள். அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, பொம்மை ரம்பம் மாதிரி?" என்றார். ஒரு தக்காளியை வைத்தார். மூன்று இழுப்பு. வில்லை சாய்ந்து விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வில்லையை வெட்டினார், அதற்கடுத்ததை வெட்டினார், முழுத் தக்காளியும் முடிந்த பிறகு பலகையைச் சாய்த்து எவ்வளவு சாறு ஓடுகிறது என்று பார்த்தார். எனக்கும் காட்டினார். சில துளிகள்தான்.

அப்புறம் இரண்டு வாரம் நான் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். ஒன்று 8000 கிரிட் வரை மெருகேற்றிய கத்தி, இன்னொன்று 1000 கிரிட்டோடு நிறுத்திய கத்தி, மூன்றாவது பல் கத்தி. மூன்றையும் தினமும் மற்ற வேலைகளுக்குப் பயன்படுத்திவிட்டு, மாலையில் ஒரே அளவு கனிந்த தக்காளிகளில் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் மெருகேற்றிய கத்திதான் முதலிடம். வெட்டுப்பரப்பு பளிங்கு போல இருந்தது. அதை மறுக்க மாட்டேன். நான்காம் நாள் அது தோலைத் தொட்டதும் ஒரு கணம் தயங்கியது. ஏழாம் நாள் வழுக்கியது. 1000 கிரிட் கத்தி இரண்டாம் வாரத்தின் நடுப்பகுதி வரை தாக்குப்பிடித்தது. பல் கத்தியில் கடைசி நாளுக்கும் முதல் நாளுக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

1000 கிரிட்டில் நிறுத்திய கத்தி ஏன் மெருகேற்றியதைவிடத் தக்காளிக்கு நன்றாக இருந்தது என்பது, தீட்டுகிறவர்களுக்கு முக்கியம். கரடான கல் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுச் செல்கிறது. அந்தக் கீறல்கள் விளிம்பைச் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு நுண்பல். மிக நுண்ணிய கல்லில் தேய்க்கத் தேய்க்க அந்தப் பற்களை நாமே அழித்துவிடுகிறோம். நேர்விளிம்புக் கத்தி தக்காளியில் நன்றாக இறங்குகிறது என்றால் அங்கேயும் வேலை செய்வது ஒருவகைப் பல்தான். எத்தனை வருடம் அந்தப் பல்லை மெனக்கெட்டு அழித்திருக்கிறேன்.

பல் கத்தி மழுங்காமல் இருப்பதற்குக் காரணம் எளியது. கத்தியை மழுக்குவது பெரும்பாலும் பழமல்ல, அடியில் இருக்கும் பலகை. நேர்விளிம்பு ஒவ்வொரு வெட்டிலும் பலகையில் முழுநீளமும் மோதுகிறது. பல் கத்தியில் பலகையைத் தொடுவது நுனிகள் மட்டும். நுனிகளுக்கு இடையிலான பள்ளங்களும் கூர்மையானவைதான், ஆனால் அவை பலகையை எட்டுவதே இல்லை. நுனி கொஞ்சம் மழுங்கினாலும், பழம் பள்ளத்துக்குள் புகுந்து அங்கே அறுபடுகிறது.

எல்லாப் பல் கத்திகளும் ஒன்றில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய ரொட்டிக் கத்தியின் பல் தக்காளிக்குப் பெரிது. அது கெட்டியான மேலோட்டைக் கடிப்பதற்காகச் செய்தது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் டிக் நிறுவனம் காட்சிக்கு வைத்தது அத்தகைய ரொட்டிக் கத்தியைத்தான். பழுத்த தக்காளியில் அதைப் போட்டால் வில்லையின் முகம் உழுத வயல் போலாகும், ஆனாலும் அவசரத்துக்கு உதவும். எதிர்முனையில், ஒருபோதும் தீட்ட வேண்டாம் என்று சொல்லி விற்கப்படும் மெல்லிய தகட்டுக் கத்திகளின் பொடிப் பற்கள் இருக்கின்றன. அவை அறுப்பதைவிடப் பிய்ப்பதே அதிகம். பற்கள் தேய்ந்த பிறகு தீட்டவும் வழியில்லை. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுக்கும் நடுவில், வளைந்த அலை போன்ற சிறிய பற்கள், ஒரு அங்குலத்துக்கு எட்டு பத்து என்ற நெருக்கம், மெல்லியதானாலும் வளையாத அலகு, இதுதான் பழத்துக்கு ஏற்றது. சிலவற்றில் நுனி இரண்டாகப் பிளந்து, வெட்டிய வில்லையைக் குத்தி எடுக்க வசதியாக இருக்கும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

இடதுகைக்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பல் கத்திகளில் பற்களை ஒரு பக்கம் மட்டுமே சாணை பிடித்திருப்பார்கள், மறுபக்கம் தட்டை. சாய்வு இருக்கும் பக்கத்தில் பழம் அலகைத் தள்ளுவதால், கத்தி தட்டைப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே இறங்கும். வலக்கைக்கென்று செய்ததை இடக்கையில் பிடித்தால் வில்லை மேலே தடிமனாகவும் கீழே தாள் போலவும் வரும். கையைக் குறை சொல்லாதீர்கள். இடக்கைக்கென்றே சாணை பிடித்த கத்திகள் கிடைக்கின்றன. இரு பக்கமும் சாய்வுள்ளவையும் உண்டு.

மூட்டுவலிக்காரர்களுக்கு இன்னொரு வகை இருக்கிறது. பிடி அலகின் நேர்க்கோட்டில் இல்லாமல் மேல்நோக்கி நிற்கும், தச்சரின் ரம்பப் பிடி போல. அதைப் பிடிக்கும்போது மணிக்கட்டு வளையாது. தோளும் முழங்கையும் வேலையை எடுத்துக்கொள்ளும். பல் இல்லாமல் அந்தப் பிடியால் பெரிய பலனில்லை என்பது என் எண்ணம். பல் இருந்தால்தான் குறுக்கு இழுப்பே வேலையை முடிக்கும்.

வெட்டும் முறையில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதுதான் பாதி வித்தை. காம்புப்பக்கம் கீழே இருக்கும்படி தக்காளியைக் கவிழ்த்து வைத்தால் உருளாது. பாதியாக வெட்டிய பிறகு, தட்டைப் பக்கத்தைப் பலகையில் வைத்துத் தோலை மேலே காட்டுங்கள். மழுங்கிய கத்திக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், தோலுக்குப் பயந்து. பல்லுக்கு முதலில் தோல்தான் வேண்டும். அலகின் பிடியோரப் பகுதியைத் தோலில் வைத்து, கத்தியின் சொந்த எடையைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல், நுனி வரை ஒரே நீள இழுப்பு. அவசரமாக முன்னும் பின்னும் கீறினால் பல் பழத்தைக் கடித்து இழுக்கும், சாறு சிந்தும். பழத்தைப் பிடித்த கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்கட்டும். பல் கத்தி விரலில் பட்டால் வெட்டு நேராக இருக்காது, பிய்ந்த மாதிரி இருக்கும், ஆறவும் நாளாகும்.

பிளம், பீச் போன்ற கொட்டையுள்ள பழங்களில் நடுக்கோடு தெரியும். அந்தக் கோட்டில் பல்லை வைத்துப் பழத்தைச் சுழற்றினால் கொட்டையைச் சுற்றி ஒரே வெட்டு. கிவியின் ரோமத்தோலை அது சீராக அறுக்கும். அத்திப்பழம் நன்றாகக் கனிந்துவிட்டால் வேறு எந்தக் கத்தியையும் நான் அருகில் விடுவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வில்லைகளுக்கும் இதுவே. பல் வைத்த தோல்சீவி என்று ஒன்று உண்டு. தக்காளியையோ பீச்சையோ வெந்நீரில் போடாமல் அப்படியே தோல் சீவ அது போதும்.

வேண்டாத இடங்களும் உண்டு. கீரை, தழை, மூலிகை இலைகளில் பல் கத்தியைப் போடாதீர்கள். பல் செல்களை நிறைய உடைக்கும், உடைந்த செல்லிலிருந்து நொதிகள் வெளிவந்து காற்றோடு சேர்ந்து இலை கறுக்கும். ஆப்பிளும் அப்படித்தான், சொரசொரப்பான வெட்டு சீக்கிரம் பழுப்பாகும். கேரட், கிழங்கு போன்ற கெட்டியானவற்றுக்கு நேர்விளிம்புதான். பொடியாகக் கொத்துவதற்குப் பல் கத்தி உதவாது. அதை வைத்துப் பலகையில் ஆட்டி ஆட்டி வெட்டினால் பலகைதான் பொடியாகும்.

பல் கத்தியைத் தீட்ட முடியாது என்று சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். முடியும், நேரம் வேண்டும். நுனி நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும் உருண்டைச் சாணைக்கம்பி ஒன்று வேண்டும். பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் இடத்தைக் கம்பியில் கண்டுபிடித்து, சாய்வுள்ள பக்கத்தில் மட்டும், முன்பே இருக்கும் கோணத்திலேயே வைத்து, மெதுவாக மூன்று நான்கு முறை தள்ள வேண்டும். விரலால் மறுபக்கம் தடவினால் மெல்லிய பிசிர் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்தப் பள்ளம் முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம். எல்லாம் முடிந்ததும் தட்டைப் பக்கத்தை நுண்ணிய கல்லில் படுக்கவைத்து ஒரே ஒரு முறை தேய்த்தால் பிசிர் போய்விடும். தட்டைப் பக்கத்தை அதிகம் தேய்த்தால் பல்லின் உயரம் குறையும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே கத்தியை இழுக்கும் சின்னக் கருவிகளை மட்டும் தயவுசெய்து இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அவை நுனிகளை மொட்டையடித்துவிடும், பள்ளங்களைத் தொடவே தொடாது.

அம்மா இந்தக் கத்தியில் எனக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்தார். பல் தோலைத் தாண்டிச் சதைக்குள் போகும்போது ஓசை இருக்காது. பலகையைத் தொடும்போது 'கர்ர்' என்று மெல்லிய ஒலி வரும். அந்த ஒலி கேட்டதும் அவர் இழுப்பை நிறுத்திவிடுகிறார், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட அழுத்துவதில்லை. காதால் வெட்டுகிறார் என்றே சொல்லலாம். அதனால் ஒன்றரை வருடம் ஆகியும் கத்தியின் நுனிகள் பெரிதாகத் தேயவில்லை.

நேற்றுதான் முதன்முறையாக அதைத் தீட்டினேன். மொத்தம் 34 பள்ளங்கள், பள்ளத்துக்கு நான்கு தள்ளு. அம்மா எதிரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார், பதினேழில் நான் ஒன்றை விட்டுவிட்டதாகச் சொல்லித் திரும்பச் செய்யவைத்தார். கழுவித் துடைத்து நான் கத்தியை நீட்டுவதற்குள் பலகையில் ஒரு தக்காளி காம்புப்பக்கம் கீழாகக் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது.